வீட்டு லேண்ட்லைனில் ஆன்சரிங் மெஷின் பொருத்துவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

நாம் ஃபோனை எடுக்காதபோது தானே எடுத்து, கூப்பிட்டவர் சொல்வதைப் பதிந்து வைப்பதுதான் ஆன்சரிங் மெஷின். இரண்டு வயரைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் அதன் பெட்டியின் மேல் போட்டிருக்கும். செருகுவது உண்மையிலேயே ஐந்து நிமிட வேலைதான். ஆனாலும் வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே "இது சரிப்படாது" என்று மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருப்பதில்லை. அதே லைனில் இருக்கும் வாய்ஸ்மெயிலோ (தொலைபேசி நிறுவனமே தன் பக்கத்தில் மெசேஜ் வாங்கி வைக்கும் வசதி), ஃபேக்ஸோ, இன்டர்நெட் மோடமோ அதோடு மோதிக்கொண்டிருக்கும். இதை மேனுவல் சொல்லாது, கடைக்காரரும் சொல்ல மாட்டார். நான் தட்டுத் தடுமாறித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: லைனைப் பற்றி விசாரிக்க ஒரு நாள், பொருத்துவதற்கு அரை மணி, சோதித்துப் பார்க்க இன்னொரு அரை மணி. சோதிக்கும் அரை மணியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் உங்கள் லைன் எந்த வகை என்று பாருங்கள்

மெஷினை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

சுவரிலிருந்து நேராக வரும் செம்புக் கம்பி லைன் என்றால் கவலையில்லை. ஆன்சரிங் மெஷின்கள் எல்லாம் இதற்காகவே செய்யப்பட்டவை. அதே கம்பியில் இன்டர்நெட்டும் வந்தால் ஒரு ஃபில்டர் வேண்டியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். ஃபைபர் அல்லது கேபிள் வழியாக இன்டர்நெட் வந்து, அந்த இன்டர்நெட் பெட்டியின் பின்னால் இருக்கும் ஃபோன் துளையில் தொலைபேசியைச் செருகியிருந்தால் அதுவும் சரிதான், மெஷின் வேலை செய்யும். சிம் கார்டு போட்ட மேசைத் தொலைபேசி என்றால் பின்னால் திருப்பிப் பாருங்கள். வெளி ஃபோன் செருகும் துளை இருந்தால்தான் வழி உண்டு, இல்லையென்றால் ஆன்சரிங் மெஷினை மறந்துவிட்டு வாய்ஸ்மெயில் கேளுங்கள். அலுவலகங்களில் உள்ள டிஜிட்டல் இன்டர்காம் லைனில் மட்டும் இதைச் செருகவே கூடாது. துளை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடும் மின்சாரம் வேறு, மெஷின் பழுதாகலாம்.

மின்வெட்டு விஷயத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வருவதால் வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண ஃபோன் ஒலிக்கும். ஆனால் ஆன்சரிங் மெஷினுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் இல்லாதபோது ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், மெஷின் எடுக்காது. இன்டர்நெட் பெட்டி வழி லைன் என்றால் இரண்டுமே போய்விடும். அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட முடியாது என்ற நிலைமை இருந்தால், பெட்டிக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வைக்க வேண்டும், அல்லது நிறுவனத்தின் வாய்ஸ்மெயிலைப் பின்துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ஸ்மெயில் நிறுவனத்தின் பக்கத்தில் ஓடுவதால் உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை.

அப்புறம் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். என் லைனில் வாய்ஸ்மெயில் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் எத்தனை வினாடிக்குப் பிறகு அது எடுக்கும்? கூப்பிடுபவர் நம்பர் காட்டும் வசதி என் திட்டத்தில் உண்டா? பதில்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். 6-ஆவது படியில் இரண்டாவது கேள்வியின் பதில் இல்லாமல் நகர முடியாது. நாம் கேட்காமலே வாய்ஸ்மெயிலைத் திட்டத்தோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, அதனால் "நான் வாங்கவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

2. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தனி மெஷின் ஒரு வகை. கார்ட்லெஸ் ஃபோனின் அடிப்பெட்டிக்குள்ளேயே மெஷின் இருப்பது இன்னொரு வகை. கையில் நல்ல ஃபோன் இருந்தால் தனி மெஷின் போதும். ஃபோனையும் மாற்றுவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தது வசதி. வயர் குறையும், மெசேஜை ஹேண்ட்செட்டிலேயே காதோடு வைத்துக் கேட்கலாம்.

பழைய மெஷின்களில் சின்ன கேசட் இருக்கும். நாடா தேயும், புதிய நாடா கிடைப்பது சிரமம். ஆசைக்காக வாங்குவது வேறு விஷயம், தினசரி உபயோகத்துக்கு டிஜிட்டல் மெஷின்தான் என் சிபாரிசு. அதில் மொத்தப் பதிவு நேரம் எவ்வளவு என்று பாருங்கள். 15 நிமிடம் ஒரு சின்ன வீட்டுக்குப் போதும் என்றாலும் வெளியூர் போனால் நிரம்பிவிடும். பெட்டியில் பெரிய எண்ணாகப் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் ஒலித் தரத்தைக் குறைத்துப் பதிந்தால் கிடைக்கும் நேரம். நல்ல தரத்தில் வைத்தால் அது குறையும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, அடாப்டரை. மெஷினின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர், ஏசியா டிசியா, பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று குறித்திருக்கும். இந்த நான்கும் அடாப்டரோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. செருகும் முனை சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக வேறு எதனுடைய அடாப்டரையோ மாட்டினால் மெஷின் கருகிவிடும். வேறு நாட்டில் வாங்கிய மெஷின் என்றால் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆன அடாப்டரை 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். அடாப்டர் பிரச்சினை தீர்ந்தாலும் சுவர் சாக்கெட்டின் வடிவம், நம்பர் காட்டும் முறை, எதிர்முனை வைத்துவிட்டது என்பதைத் தெரிவிக்கும் சிக்னல் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நீங்கள் இருக்கும் நாட்டுக்கென்று விற்கப்படும் மெஷினை வாங்குவதே தலைவலி இல்லாதது.

காகிதங்கள்: பில், வாரன்டி அட்டை, மேனுவல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மெஷினைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், சீரியல் எண், சில மெஷின்களில் வெளியிலிருந்து கூப்பிட்டு மெசேஜ் கேட்பதற்கான ரகசிய எண்ணும் ('கோடு') அதில் இருக்கும். சுவரில் மாட்டிய பிறகு அதைப் பார்க்க மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். மேனுவல் இல்லாத பழைய மெஷின் என்றால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் பிடிஎஃப் கிடைத்துவிடும். பழைய மெஷினை வாங்கியதும் முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள். முந்தைய சொந்தக்காரரின் கோடு அதில் இருக்கக் கூடாது.

செலவு: மெஷின் ஒரு முறைச் செலவு. ஆனால் பின்துணை பேட்டரி, ஃபில்டர், நீளமான ஃபோன் வயர், இரட்டைச் சாக்கெட் என்று சில்லறையாகச் சேரும். மின்சாரச் செலவு மிகக் குறைவு, சில வாட் அளவுதான். வாய்ஸ்மெயிலுக்கு மாதக் கட்டணம் கேட்கிறார்கள் என்றால் ஒரு வருடத்துக்கான தொகையைக் கணக்குப் போட்டு மெஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்ஸ்மெயில் இலவசம் என்றால், மெஷின் தேவையா என்று ஒரு முறை யோசிக்கலாம். ஒருவர் மெசேஜ் விட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டு, வேண்டுமென்றால் எடுத்துப் பேசுவது மெஷினில் கிடைக்கும் வசதி. வாய்ஸ்மெயிலில் பெரும்பாலும் அது கிடையாது.

3. வயர்களை இணைப்பது

மெஷினின் பின்னால் இரண்டு ஃபோன் துளைகள் இருக்கும். 'லைன்' என்று போட்டிருப்பது சுவருக்குப் போக வேண்டும். 'ஃபோன்' அல்லது 'டெல்' என்று போட்டிருப்பதில் உங்கள் தொலைபேசியைச் செருக வேண்டும். ஆர்ஜே-11 எனப்படும் அந்தச் சின்னச் செருகி 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே போகட்டும். பாதி செருகியிருந்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. அந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் மகா கஷ்டம். ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். டோன் வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று முடிவு செய்ய வேண்டாம். சோதனை அழைப்பில்தான் உண்மை தெரியும்.

செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட் வருகிற வீடு என்றால், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் டிஎஸ்எல் ஃபில்டரை (இன்டர்நெட் சிக்னல் ஃபோன் பக்கம் வராமல் தடுக்கும் சின்னப் பெட்டி) போடுங்கள். மோடத்துக்குப் போகும் வயரில் ஃபில்டர் கூடாது. மற்ற அறைகளில் அதே லைனில் ஃபோன் இருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர் வேண்டும். ஃபில்டர் இல்லையென்றால் பதிவான மெசேஜில் 'உஸ்' என்று இரைச்சல் கேட்கும், மெஷின் ஃபோனை எடுக்கும்போதெல்லாம் இன்டர்நெட் துண்டிக்கும். இந்த இரண்டில் ஒன்று நடந்தாலே ஃபில்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபைபர் பெட்டியின் ஃபோன் துளையிலிருந்து எடுப்பவர்களுக்கு ஃபில்டர் தேவையில்லை.

எங்கே வைப்பது? அடாப்டர் வயரையும் ஃபோன் வயரையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டாதீர்கள், பதிவில் 'ம்ம்ம்' என்று ஓசை விழும். கார்ட்லெஸ் வகை என்றால் ரவுட்டரின் மேலேயே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாம். யாரோ வந்து நிற்கும்போது மருத்துவமனையிலிருந்து வரும் மெசேஜ் ஸ்பீக்கரில் சத்தமாக ஓடினால் நன்றாக இருக்காது. இடி மின்னல் அதிகமுள்ள பகுதி என்றால் மின்சார வயரோடு ஃபோன் வயருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் சர்ஜ் புரொடெக்டர் வாங்குங்கள். மின்னல் ஃபோன் கம்பி வழியாகவும் வரும்.

4. பேட்டரி, கடிகாரம்

பின்துணை பேட்டரி போடும் இடம் இருந்தால் போட்டுவிடுங்கள். பல மெஷின்களில் 9 வோல்ட் சதுர பேட்டரி. அது மெஷினை ஓட்டுவதற்கல்ல, கரண்ட் போகும்போது மெசேஜும் அமைப்புகளும் அழியாமல் காப்பதற்கு மட்டும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கசிந்த பேட்டரி மெஷினையே கெடுத்துவிடும். கடிகாரத்தை நாளும் நேரமும் சேர்த்துச் சரியாக வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மெசேஜுக்கும் தவறான நாளைச் சொல்லும், எந்த அழைப்பு முந்தியது என்றே தெரியாமல் போகும்.

5. அறிவிப்பைப் பதிவு செய்வது

சொல்ல வேண்டியதை முதலில் காகிதத்தில் எழுதுங்கள். 10 முதல் 15 வினாடிக்குள் முடிய வேண்டும். கூப்பிட்டவர் நிமிடக் கணக்கில் காசு கட்டுபவர் என்றால், மெஷின் எடுத்த நொடியிலிருந்து அவருக்குக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும் என்பதை மறக்காதீர்கள். நம் நீளமான அறிவிப்புக்கு அவர் காசு கொடுக்கிறார். பின்னணிப் பாட்டு, கவிதை எல்லாம் வேண்டாம்.

"வீட்டில் யாரும் இல்லை", "ஊருக்குப் போயிருக்கிறோம்", "திங்கட்கிழமை வருவோம்" என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. "இப்போது எடுக்க முடியவில்லை" என்பதே போதும். முழுப் பெயர், முகவரியும் வேண்டாம். இந்த மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்:

"வணக்கம், இது பதிவு செய்த குரல். இப்போது எங்களால் ஃபோனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தம் வந்ததும் உங்கள் பெயரையும் நம்பரையும் நிதானமாக இரண்டு முறை சொல்லுங்கள். நாங்களே கூப்பிடுகிறோம்."

இதில் 'வணக்கம்' என்றதும் நிறுத்தாமல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட வேண்டும். அங்கே சின்ன இடைவெளி விட்டாலே மறுமுனையில் இருப்பவர் நாம் எடுத்துவிட்டதாக நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவார். வயதானவர்கள் பாதிக் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் பீப் வரும். 'பதிவு செய்த குரல்' என்பதை முதல் வரியிலேயே சொல்வதும் இதனால்தான். நம்பரை இரண்டு முறை கேட்பதற்குக் காரணம், எல்லோரும் நம்பரைச் சொல்லும்போதுதான் வேகம் எடுப்பார்கள்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மெஷினின் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பேசுங்கள். அறிவிப்புப் பட்டனை (சிலவற்றில் 'ஓஜிஎம்' என்று போட்டிருக்கும்) அழுத்தி, பீப் வந்த பிறகு தொடங்கி, முடிந்ததும் உடனே நிறுத்துங்கள். அறிவிப்பின் கடைசியில் மௌனம் நீண்டால் கூப்பிட்டவர் பீப்புக்காகக் காத்துக் காத்து வைத்துவிடுவார்.

ஒரு பொறி: சில மெஷின்களில் இரண்டு அறிவிப்புகள் வைக்கலாம். ஒன்று மெசேஜ் வாங்குவது, இன்னொன்று அறிவிப்பை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவது. தெரியாமல் இரண்டாவதில் மெஷின் நின்றுவிட்டால் அழைப்பை எடுக்கும், பேசும், ஆனால் ஒரு மெசேஜும் பதியாது. திரையில் எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு உங்கள் குரல் அழிந்து மெஷினின் சொந்தக் குரல் திரும்பியிருக்கவும் வாய்ப்புண்டு.

6. எத்தனை ரிங்குக்குப் பிறகு எடுக்க வேண்டும்

இந்தப் படியில்தான் முக்கால்வாசிப் பேர் சிக்குகிறார்கள்.

மெஷினில் 2, 4, 6 என்று ரிங் எண்ணிக்கையாகத்தான் வைக்க முடியும். வாய்ஸ்மெயிலோ வினாடிக் கணக்கில் ஓடுகிறது. அதனால் முதலில் உங்கள் ரிங்கை வினாடியாக மாற்ற வேண்டும். அமெரிக்கா, கனடாவில் மணி 2 வினாடி ஒலித்து 4 வினாடி மௌனமாக இருக்கும். ஒரு ரிங் 6 வினாடி, நான்கு ரிங் 24 வினாடி. இந்தியா, பிரிட்டன் போன்ற இடங்களில் 'ட்ரிங்-ட்ரிங்' என்று இரட்டையாக அடித்து இடைவெளி விடும், மொத்தம் 3 வினாடி. அங்கே அதே நான்கு ரிங் 12 வினாடிதான். யாரோ "நாலு ரிங் வை" என்று சொன்னதை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூட்டு வலியோடு மெதுவாக எழுந்து வரும் பெரியவர் பாதி தூரம் வருவதற்குள் மெஷின் எடுத்துவிடும். வீட்டில் இருப்பவர்களில் மிக மெதுவாக நடப்பவர் தூரமான அறையிலிருந்து ஃபோனுக்கு வர எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்து, அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். கூப்பிடுபவர் காதில் கேட்கும் மணியும் உங்கள் வீட்டில் அடிக்கும் மணியும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை, ஒரு ரிங் முன்பின் இருக்கும். ஆகவே வீட்டு மணியை வைத்தே அளக்க வேண்டும்.

ஒரு ரிங்கிலேயே எடுக்கும்படி வைக்க வேண்டாம். கூப்பிடுபவரின் நம்பர் பல இடங்களில் முதல் ரிங்குக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்பே மெஷின் எடுத்துவிட்டால் நம்பர் பதியாது.

இப்போது வாய்ஸ்மெயில். அது 20 வினாடியில் எடுக்கிறது, மெஷின் 24 வினாடியில் எடுக்கும்படி இருக்கிறது என்றால், மெஷின் ஒருநாளும் எடுக்காது. புது மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. வாய்ஸ்மெயிலை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு: வாய்ஸ்மெயில் நேரத்தை 30 வினாடி போலக் கூட்டச் சொல்லிவிட்டு, மெஷினை அதற்கு முன்பே எடுக்கும்படி வைப்பது. சாதாரண அழைப்பெல்லாம் மெஷினுக்குப் போகும். கரண்ட் இல்லாதபோதும், நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போதும் வருபவை வாய்ஸ்மெயிலுக்குப் போகும். இதில் ஒரு சங்கடம், இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். வாய்ஸ்மெயிலில் மெசேஜ் இருந்தால் பல நிறுவனங்களின் லைனில் டயல் டோன் விட்டு விட்டு வரும். அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எல்லா அழைப்பையும் வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் வசதி போட்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டு ஃபோன் அடிக்கவே அடிக்காது.

ஃபேக்ஸும் அதே லைனில் இருந்தால், ஃபேக்ஸ் எடுக்கும் ரிங் எண்ணிக்கை மெஷினை விடக் கூடுதலாக இருக்கட்டும். தலைகீழாக இருந்தால் கூப்பிடுபவர்கள் காதில் கிறீச் சத்தம்தான் விழும். ஃபேக்ஸ் அனுப்பும் கருவி சில வினாடிக்கு ஒரு முறை சின்ன பீப் விடும். புதிய ஃபேக்ஸ்களில் 'வெளி ஆன்சரிங் மெஷின்' என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் மெஷின் எடுத்த பிறகும் அந்த பீப்பைக் கவனித்து, ஃபேக்ஸ் என்றால் தானே வாங்கிக்கொள்ளும். திருட்டு அலாரம் லைனோடு இணைந்திருந்தால் நீங்களாக வயரை மாற்றாதீர்கள். அலாரம் பொருத்தியவரைக் கேளுங்கள்.

'டோல் சேவர்' என்று ஒரு அமைப்பைப் பார்ப்பீர்கள். புதிய மெசேஜ் இருந்தால் இரண்டு ரிங் போலச் சீக்கிரமே எடுக்கும், இல்லையென்றால் நான்கு ரிங் அல்லது அதற்கும் மேல் காத்திருக்கும். வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பவர் மூன்றாவது ரிங் கேட்டதுமே "ஒன்றும் இல்லை" என்று வைத்துவிடலாம், அழைப்புக் காசு மிச்சம். வெளியூரிலிருந்து அடிக்கடி பார்ப்பவர்களுக்கு அருமையான வசதி. மெதுவாக நடக்கும் பெரியவர் உள்ள வீட்டில் மட்டும் வைக்காதீர்கள், மெசேஜ் இருக்கும் நாட்களில் அவரால் ஃபோனைப் பிடிக்கவே முடியாது.

7. சோதனை அழைப்பு

கைபேசியிலிருந்து வீட்டு நம்பரைக் கூப்பிடுங்கள். எத்தனை வினாடியில் எடுக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பு தெளிவாகக் கேட்கிறதா? பீப்புக்குப் பிறகு அரை நிமிடம் பேசிவிட்டு வைத்து, பதிவைக் கேளுங்கள். மறுபடி கூப்பிட்டு, அறிவிப்பு ஓடும்போதே இன்னொரு அறையில் உள்ள ஃபோனை யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். மெஷின் தானே நிற்க வேண்டும். மூன்றாவது முறை எதுவும் பேசாமல் வைத்துவிடுங்கள். 'டூ டூ' என்ற சத்தம் மெசேஜாகப் பதிந்திருந்தால் கடைசிப் படியில் அதற்கு மருந்து இருக்கிறது. கடைசியாக அடாப்டரை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகி, மெசேஜும் அறிவிப்பும் கடிகாரமும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

8. வெளியிலிருந்து மெசேஜ் கேட்பது

இதற்கு ஒரு ரகசியக் கோடு உண்டு. தொழிற்சாலையில் வைத்த கோடையே வைத்திருக்காதீர்கள். அது மேனுவலில் அச்சாகியிருக்கிறது, யாரும் படிக்கலாம். இரண்டு இலக்கக் கோடு என்றால் மொத்தம் 100 வாய்ப்புகள்தான், மூன்று இலக்கத்தில் 1000. முடிந்தவரை நீளமான கோடு வைக்க விடும் மெஷினாகப் பாருங்கள். புதிய கோடைக் கைபேசியில் குறித்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே வீட்டு நம்பரையும் எழுதி வைக்க வேண்டாம்.

கேட்கும் முறை எளிது. வீட்டைக் கூப்பிடுங்கள், அறிவிப்பு ஓடும்போது கோடை அழுத்துங்கள், மெஷின் நின்று அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். எந்த எண் கேட்க, எந்த எண் அழிக்க என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். மேனுவலின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மெஷின்கள் பீப் வந்த பிறகுதான் கோடை ஏற்கும்.

கோடை அழுத்தினாலும் கேட்காமல் அடம் பிடித்தால், நீங்கள் கூப்பிடும் ஃபோன் பட்டன் டோனைச் சரியாக அனுப்பவில்லை என்று பெரும்பாலும் பொருள். பழைய பல்ஸ் ஃபோன்களில் (டோனுக்குப் பதில் துடிப்புகளாக எண்ணை அனுப்புபவை) ஸ்டார் பட்டனை ஒரு முறை அழுத்தினால் டோனுக்கு மாறுவது உண்டு. இன்டர்நெட் வழி அழைப்பில் குரலை நெருக்கி அனுப்பும்போது டோன் சிதைந்துவிடலாம். அந்த அழைப்புச் செயலியின் அல்லது பெட்டியின் அமைப்புகளில் 'டிடிஎம்எஃப்' (பட்டன் டோனை அனுப்பும்) முறையை மாற்றிப் பாருங்கள், அல்லது சாதாரணக் கைபேசி அழைப்பில் முயலுங்கள்.

மெஷினை ஆன் செய்ய மறந்து கிளம்பிவிட்டால்? பல மெஷின்கள் ஆஃப் நிலையிலும், நினைவகம் நிரம்பியிருந்தாலும், சுமார் 10 ரிங் கழித்து எடுத்து கோடுக்காகக் காத்திருக்கும். விடாமல் அடிக்கவிட்டு, கோடைப் போட்டு, அங்கிருந்தே ஆன் செய்யலாம். உங்கள் மெஷினில் இது உண்டா என்று வீட்டில் இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். நடுவில் வாய்ஸ்மெயில் புகுந்தால் இது நடக்காது, அதையும் கணக்கில் வையுங்கள்.

9. அன்றாடப் பயன்பாடு

எண் மின்னினால் புதிய மெசேஜ், மின்னாமல் நின்றால் கேட்டுவிட்ட பழையது. பெரும்பாலான மெஷின்களில் அப்படித்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போது அழிக்கும் பட்டனை அழுத்தினால் அந்த ஒன்று மட்டும் போகும். சும்மா இருக்கும்போது அழுத்திப் பிடித்தால் கேட்டுவிட்ட எல்லாமே போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மெசேஜ் நீளத்துக்கு ஒரு நிமிட வரம்பு வைத்துவிட்டால், விளம்பர அழைப்புகள் நினைவகத்தை நிரப்புவதும் கட்டுப்படும்.

சத்தத்தைக் கூட்டி வைத்தால் யார் பேசுகிறார் என்று கேட்டுவிட்டு, வேண்டுமானால் எடுக்கலாம். பாதுகாத்து வைக்க விரும்பும் மெசேஜ் ஏதாவது இருந்தால் மெஷினை நம்பி விடாதீர்கள். கைபேசியை ஏரோப்ளேன் நிலையில் வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்து அன்றே பதிவு செய்யுங்கள். அந்த நிலையில் வைக்காவிட்டால் கைபேசியின் 'டிட்-டிட்' இரைச்சல் உள்ளே விழலாம்.

சில மெஷின்களில் இருவரும் பேசும் பேச்சையே பதியும் பட்டன் உண்டு. பீப்புக்குப் பிறகு ஒருவர் தானாக விடும் மெசேஜ் வேறு, இது வேறு. மறுமுனையில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் பதிவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

10. தகராறு செய்தால்

மெஷின் எடுக்கவே இல்லை: ஆன் செய்திருக்கிறதா, நினைவகம் நிரம்பிவிட்டதா, வாய்ஸ்மெயில் முந்துகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் ஒரே லைனில் எத்தனை ஃபோன் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு ஃபோனின் அடியிலும் 'ரென்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், மணி அடிக்க அது லைனிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதன் அளவு அது. அமெரிக்காவில் ஒரு லைனில் அவற்றின் கூட்டுத்தொகை 5-க்குள், பிரிட்டனில் 4-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். உண்மையான மணி உள்ள பழைய ஃபோன்கள் நிறைய இருந்தால் மணி மின்சாரம் பங்கு போய், மெஷினால் ரிங்கையே உணர முடியாது. இன்டர்நெட் பெட்டிகள் பல இதை விடவும் குறைவாகத்தான் தாங்கும்.

மெசேஜ் பாதியில் அறுகிறது: நீள வரம்பைப் பாருங்கள். சன்னமான குரலில் பேசுபவர்களின் பேச்சை மௌனம் என்று நினைத்து மெஷின் வைத்துவிடுவதும் உண்டு. கால் வெயிட்டிங் போட்ட லைனில் இரண்டாவது அழைப்பு வரும்போது லைன் ஒரு கணம் துண்டிக்கும். எதிர்முனை வைத்துவிட்டதாக மெஷின் தவறாக எடுத்துக்கொள்ளும். எதிர்முனை வைத்ததை மெஷின் எப்படிக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்கான 'சிபிசி' என்ற அமைப்பு இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் கால் வெயிட்டிங்கை நிறுத்திப் பாருங்கள்.

வைத்த பிறகும் 'டூ டூ' பதிகிறது: இது அதற்கு நேர் எதிர், எதிர்முனை வைத்தது மெஷினுக்குத் தெரியவில்லை. அதே அமைப்பை மறுபக்கம் மாற்றுங்கள். வேறு நாட்டு மெஷின் என்றால் இது தீராமலும் போகலாம். அப்போது மெசேஜ் நீளத்தைக் குறைத்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எதுவுமே புரியவில்லை என்றால் எல்லா ஃபோன், மோடம், ஃபேக்ஸ் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, மெஷினை மட்டும் லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் (அல்லது இன்டர்நெட் பெட்டியில்) நேராகச் செருகிச் சோதனை அழைப்பு செய்யுங்கள். வேலை செய்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே கூப்பிட்டுப் பாருங்கள், எதைச் சேர்க்கும்போது கெடுகிறதோ அதுதான் குற்றவாளி. தனியாக வைத்தும் எடுக்கவில்லை என்றால், வேறு ஒருவர் வீட்டு லைனில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் எடுக்கவில்லையா, மெஷின்தான் பழுது. கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் பில்லையும் பெட்டியையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போவதற்கு முன் உள்ளே இருக்கும் மெசேஜ்களையும் உங்கள் கோடையும் அழித்துவிடுங்கள்.